பத்துப் பேர், பத்து நிரை: 3,628,800 என்ற எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பது எப்படி

தேயிலை மலையில் காலைப் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் கங்காணி (மேற்பார்வையாளர்) நிரை, அதாவது செடி வரிசை, பிரித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பெண்கள், பத்து நிரை. அவர் கைகாட்டக் காட்ட ஒவ்வொருவராகக் கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு இறங்குவார்கள். என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். "எல்லாரும் நேத்து நின்ன மாதிரியே இன்னைக்கும் நின்னோம்னு ஒரு நாளும் இல்ல" என்று ஒரு முறை சொன்னார். அந்தப் பேச்சைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் வருவதுதான் 3,628,800. முப்பத்தாறு இலட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல மூளையுள்ள பிள்ளைகள்கூட ஏழு இலக்கத்தில் ஒரு எண்ணைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு மாதம் முழுக்க வேறு எதையும் தொடாமல் இந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். நாங்கள் போன அதே வழியில் உங்களையும் கூட்டிப்போகிறேன். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை போதும். கணிகருவி வேண்டாம், கையால் போட்டால்தான் எண் பழகும்.

முதல் படி: எண் எங்கிருந்து வருகிறது?

முதல் நிரைக்குப் பத்துப் பேரில் யாரையும் அனுப்பலாம். அவர் போனபிறகு இரண்டாவது நிரைக்கு ஒன்பது பேர், மூன்றாவதுக்கு எட்டுப் பேர், இப்படியே குறைந்து கடைசி நிரைக்கு ஒரே ஒருவர். ஆகவே மொத்த வழிகள் 10 × 9 × 8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1. இதைச் சுருக்கமாக 10! என்று எழுதுவோம், பத்துக் காரணியம். இதே மாதிரி 5! என்றால் 120, 6! என்றால் 720, 7! என்றால் 5,040. இந்த மூன்றையும் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: அளவை உணருங்கள்

கங்காணி ஒரு நாள் கண்ட வரிசையை மறுநாள் திருப்பாமல், ஒவ்வொரு நாளும் ஒரு புதிய வரிசையைக் கொடுத்துக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வரிசையும் முடிய 3,628,800 நாள் வேண்டும், அதாவது சுமார் 9,935 வருடம். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அன்றிலிருந்து 2017 வரையுள்ள 150 வருடத்தில் ஒரு நாள் விடாமல் மாற்றியிருந்தாலும் ஒன்றரை சதவீதம்தான் முடிந்திருக்கும். அம்மா சொன்னது சரி என்று அந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

சரி, நாளைக்கு ஒன்று என்பதை விட்டு நொடிக்கு ஒன்று என்று மாற்றினால்? இங்கேதான் ஓர் அழகு வருகிறது. 3,628,800 நொடி என்பது சரியாக ஆறு வாரம். ஒரு நொடி கூடாது, ஒரு நொடி குறையாது. ஏன் என்று பார்க்க, பத்து எண்களில் 6ஐயும் 7ஐயும் தனியே எடுத்து வையுங்கள். மிச்சம் 1 × 2 × 3 × 4 × 5 = 120, அப்புறம் 8 × 9 × 10 = 720. இந்த இரண்டையும் பெருக்கினால் 86,400. ஒரு நாளில் இருக்கும் நொடிகள் அதுதானே! தனியே வைத்த 6 × 7 என்பது 42 நாள், ஆறு வாரம்.

மூன்றாம் படி: முதன்மைக் காரணிகளாக உடையுங்கள்

எந்தப் பெரிய எண்ணுக்கும் இந்தப் படிதான் முதுகெலும்பு. இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விழும், இங்கே ஒன்று தவறினால் பின்னால் வரும் அத்தனையும் தவறும். அவசரப்படாதீர்கள்.

முதன்மை எண்கள் (பகா எண்கள் என்றும் சொல்வார்கள்) 2, 3, 5, 7 என்ற நான்கு மட்டும்தான் இங்கே வர முடியும், ஏனென்றால் பெருக்கிய எண்கள் எல்லாம் பத்துக்குள். எத்தனை 2? ஒன்றிலிருந்து பத்து வரை 2இன் மடங்குகள் ஐந்து, 4இன் மடங்குகள் இரண்டு, 8இன் மடங்கு ஒன்று. கூட்டினால் எட்டு. எத்தனை 3? மடங்குகள் மூன்று, 9இன் மடங்கு ஒன்று, மொத்தம் நான்கு. 5இல் இரண்டு, 7இல் ஒன்று. ஆகவே

3,628,800 = 2⁸ × 3⁴ × 5² × 7

பல பிள்ளைகள் 4ஐயும் 8ஐயும் ஒரே ஒரு 2 என்று எண்ணிவிட்டுப் போகிறார்கள். 8க்குள் மூன்று 2 இருக்கிறது: 2இன் மடங்காக ஒரு முறை, 4இன் மடங்காக ஒரு முறை, 8இன் மடங்காக ஒரு முறை எண்ணுவதால்தான் அந்த மூன்றும் கணக்கில் வருகின்றன. உடைத்தபின் திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள்: 256 × 81 = 20,736, அதை 25ஆல் பெருக்க 518,400, அதை 7ஆல் பெருக்க 3,628,800.

கடைசியில் ஏன் இரண்டு பூச்சியம் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒரு பூச்சியத்துக்கு ஒரு 2உம் ஒரு 5உம் வேண்டும். 2 தாராளமாக எட்டு இருந்தாலும் 5 இரண்டுதான், அதனால் பூச்சியமும் இரண்டுதான். இலக்கங்களைக் கூட்டினால் 3+6+2+8+8 = 27. அந்த 27ஆலேயே எண் மீதியின்றி வகுபடும், ஈவு 134,400.

நான்காம் படி: காரணிகளை எண்ணுங்கள், இராமானுஜனிடம் போங்கள்

இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? ஒவ்வொன்றாகத் தேடி எழுத உட்கார்ந்தால் பொழுது போய்விடும். ஒரு காரணியை நாமே தயாரிப்பதாக நினைத்துப் பாருங்கள்: 2ஐ ஒன்றுகூடப் போடாமலும் விடலாம், எட்டு வரையும் போடலாம், அதற்கு ஒன்பது வழி. 3க்கு ஐந்து வழி, 5க்கு மூன்று, 7க்கு இரண்டு. 9 × 5 × 3 × 2 = 270. சுட்டியோடு (2⁸இல் மேலே நிற்கும் 8 மாதிரி) ஒன்றைக் கூட்டிப் பெருக்குவதுதான் சூத்திரம், ஆனால் சூத்திரத்தைப் பாடமாக்குவதைவிட இப்படித் தயாரித்துப் பார்ப்பது மனதில் நிற்கும்.

இரட்டைப்படைக் காரணிகளை விட்டு ஒற்றைப்படையை மட்டும் எண்ணினால் 5 × 3 × 2 = 30. இந்த 30க்கு ஒரு பொருள் உண்டு. அடுத்தடுத்து வரும் நேர் முழு எண்களின் கூட்டுத்தொகையாக ஓர் எண்ணை எத்தனை விதத்தில் எழுதலாம் என்றால், அதன் ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனையோ அத்தனை விதம் (எண்ணைத் தனியே விடுவதையும் ஒரு விதமாகச் சேர்த்து). உதாரணத்துக்கு 1,209,599 + 1,209,600 + 1,209,601. மற்றவற்றைத் தேடிப் பாருங்கள், மழை நாளில் செய்ய நல்ல வேலை.

2இன் அடுக்குகளை 1, 2, 4 என்று 256 வரை கூட்டினால் 511; இதே மாதிரி 3க்கு 121, 5க்கு 31, 7க்கு 8. எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை இவற்றின் பெருக்கம்: 511 × 121 × 31 × 8 = 15,334,088. எண்ணைப் போல நான்கு மடங்குக்கும் மேல். எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் 829,440. இந்த இரண்டையும் இப்போதைக்குக் குறித்து வைத்தால் போதும்.

270 என்பதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், இதவிடச் சின்ன எண் எதுக்காவது இதவிடக் கூடக் காரணி இருக்குமா?" என்று கேட்டாள். நான் எதிர்பார்க்காத கேள்வி. அது சரியாக இராமானுஜன் கேட்ட கேள்வி. தனக்குச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி அவர் 1915இல் நீண்டதோர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நம் 10! அந்தப் பட்டியலில் சேராது. பக்கத்திலேயே 3,603,600 என்று ஓர் எண் இருக்கிறது, நம்முடையதைவிட 25,200 குறைவு. அதை உடைத்தால் 2⁴ × 3² × 5² × 7 × 11 × 13, காரணிகள் 5 × 3 × 3 × 2 × 2 × 2 = 360.

சிறிய எண்ணுக்கு 90 காரணி கூட! காரணம் எளிது. 10!இல் 2 எட்டுத்தரம் வந்து குவிந்திருக்கிறது. எட்டாவது 2ஐப் போட்டதால் எண் இரட்டிப்பானது, ஆனால் வழிகளோ எட்டிலிருந்து ஒன்பதாகத்தான் ஏறின. 11 மாதிரி ஒரு புதிய முதன்மை எண் வந்து சேர்ந்தால் காரணிகள் ஒரேயடியாக இரட்டிக்கும். இதை அந்தப் பிள்ளையே கரும்பலகையில் போட்டுக் காட்டினாள்.

ஐந்தாம் படி: இந்த எண்ணுக்கே உரிய குணம்

கொப்பி ஓரத்தில் எழுதியதைப் பாருங்கள். 8 × 9 × 10 = 720, அதுவேதான் 6!. அப்படியானால் 10! = 7! × 8 × 9 × 10 = 7! × 6!. ஒரு காரணியம் இன்னும் இரண்டு காரணியங்களின் பெருக்கமாக உடைகிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 24! = 23! × 4! என்றும் எழுதலாம்தான், ஆனால் அது 4! என்பது 24 ஆக இருப்பதால் வரும் சும்மா வேலை. அந்த மாதிரி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். அந்தச் சும்மா வகையை நீக்கிவிட்டால் இதுவரை தெரிந்தது 10! = 7! × 6! ஒன்றே ஒன்றுதான். வேறு இல்லை என்று ஹங்கேரியக் கணிதவியலாளர் சுரான்யி ஊகித்தார், இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. காலையில் மலையில் பத்துப் பேர் நிற்கும் வரிசையில் வரும் எண்ணுக்கு இப்படி ஒரு தனிச்சிறப்பு இருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

7! என்பது 7 × 6!, ஆகவே 10! = 7 × 720 × 720. இந்த வடிவத்தை வட்டமிட்டு வையுங்கள். ஒரு நிறைவர்க்கத்தை 7ஆல் பெருக்கியது. 7 துணையில்லாமல் தனியே நிற்பதால் நம் எண் நிறைவர்க்கம் அல்ல. வர்க்கமூலம் 720 × √7, கிட்டத்தட்ட 1,904.94.

ஆறாம் படி: கன்று நடுங்கள்

என் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது இந்தப் படி. 3,628,800 தேயிலைக் கன்று நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள்சதுரமாக நட 135 விதம் உண்டு, 270 காரணிகளும் இரண்டிரண்டாகச் சோடி சேர்வதால். சதுரத்துக்கு மிகக் கிட்டியது 1,890 × 1,920. சரியான சதுரமாக நட முடியாது, அது போன படியிலேயே தெரிந்துவிட்டது.

ஒரு சதுரமாக முடியாவிட்டால், இரண்டு சதுரப் பாத்தியாகப் பிரித்து நடலாமா? அதாவது இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா? முடியாது. 4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் முதன்மை எண்கள் (3, 7, 11 போன்றவை) ஒற்றைப்படைச் சுட்டியில் வந்தால் அது நடக்காது என்பது விதி. 3 நான்கு தரம் வருகிறது, பிரச்சினை இல்லை. 7 ஒரே தரம் வந்து வழியை மறிக்கிறது.

அப்படியானால் மூன்று பாத்தி? இதை நாமே முழுதாக நிரூபித்துவிடலாம், மெதுவாக வாருங்கள்.

ஒரு வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான். மூன்று வர்க்கங்களைக் கூட்டி 4ஆல் மீதியின்றி வகுபட வேண்டுமென்றால் மூன்று மீதியும் 0ஆக இருக்க வேண்டும், அதாவது மூன்று பக்கமும் இரட்டை எண். அப்போது ஒவ்வொரு பக்கத்தையும் பாதியாக்கலாம், மொத்தக் கன்றும் நான்கில் ஒன்றாகும். நம் எண்ணில் 2⁸ இருக்கிறது, அதாவது 4 நான்கு தரம். நான்கு முறை பாதியாக்கினால் கேள்வி 3⁴ × 5² × 7 = 14,175க்கு வந்து நிற்கும்: 14,175 கன்றை மூன்று சதுரமாக நட முடியுமா?

இனி 8ஆல் வகுத்துப் பாருங்கள். 8 × 1,771 = 14,168, மீதி 7. எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 என்ற மூன்றில் ஒன்றுதான் (1, 4, 9, 16, 25, 36 என்று போட்டுச் சரிபாருங்கள்). இந்த மூன்றில் எதை எடுத்து எப்படி மூன்றைக் கூட்டினாலும் மீதி 7 வரவே வராது. 4+1+1 போட்டால் 6, 4+4+1 போட்டால் 9, அதாவது மீதி 1. ஏழு மட்டும் அகப்படாது. ஆகவே மூன்று பாத்தியிலும் முடியாது.

நான்கு பாத்தி? எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் அடக்கலாம் என்று கணிதவியலாளர் லக்ராஞ்சி 1770இல் நிரூபித்தார். எப்படி அடக்குவது என்பதை நாம்தான் தேட வேண்டும். 14,175க்கு மிகக் கிட்டிய சிறிய வர்க்கம் 119² = 14,161. மிச்சம் 14, அது 9 + 4 + 1. பக்கங்கள் 119, 3, 2, 1. நான்கு முறை பாதியாக்கியதைத் திருப்ப ஒவ்வொன்றையும் 16ஆல் பெருக்குங்கள்: 1,904, 48, 32, 16.

1,904² + 48² + 32² + 16² = 3,625,216 + 2,304 + 1,024 + 256 = 3,628,800

ஒரு பெரிய மலையும் அதன் ஓரத்தில் மூன்று சின்ன நாற்றுமேடையும். ஒரு கன்று மிஞ்சவில்லை. வாசிகசாலையில் இந்தக் கூட்டலை முடித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

துவித எண்ணாக (0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும்) எழுத விரும்புகிறவர்களுக்கு: 14,175 என்பது 11011101011111, அதன் பின்னால் எட்டுப் பூச்சியம் (2⁸ அல்லவா), மொத்தம் 22 இலக்கம்.

ஏழாம் படி: பக்கத்து வீட்டாரைப் பாருங்கள்

ஓர் எண்ணை அறிந்தால் அதற்கு முன்னும் பின்னும் நிற்பவரையும் விசாரிக்க வேண்டும். 3,628,799ஐயும் 3,628,801ஐயும் 2 முதல் 10 வரை எதுவும் வகுக்காது, ஏனென்றால் அவை எல்லாம் நடுவில் இருக்கும் 10!ஐ வகுக்கின்றன. சிறியவர் 29 × 125,131. பெரியவரிடம்தான் கதை இருக்கிறது.

11ஆல் வகுபடுமா என்று பார்க்கும் வழி தெரியும்தானே, வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை மாறிமாறிக் கூட்டிக் கழிப்பது. 3,628,800க்கு 0 − 0 + 8 − 8 + 2 − 6 + 3 = −1. ஒன்று குறைகிறது. ஒன்றைக் கூட்டினால் வகுபட்டுவிடும்: 3,628,801 = 11 × 329,891.

இது தற்செயல் இல்லை. 2 முதல் 9 வரை சோடி சேருங்கள்: 2 × 6 = 12, 3 × 4 = 12, 5 × 9 = 45, 7 × 8 = 56. நான்கையும் 11ஆல் வகுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் மீதி 1. சோடியெல்லாம் ஒன்றாகச் சுருங்கிப்போக எஞ்சுவது 1 × 10, அதாவது 11க்கு ஒன்று குறைவு. எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும் அதற்குக் கீழுள்ள அத்தனையையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அந்த முதன்மை எண்ணால் வகுபடும். இதை வில்சன் தேற்றம் என்பார்கள். நிரூபணம் லக்ராஞ்சியுடையது, 1771. ஆனால் இன்றைக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இதை அறிந்திருந்தார்.

3,628,801 நிறைவர்க்கமாக இருக்குமா? 4! + 1 = 25 = 5², 5! + 1 = 121 = 11², 7! + 1 = 5,041 = 71². இப்படி இன்னும் உண்டா என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புரோகார்ட் கேட்டார், 1913இல் இராமானுஜனும் கேட்டார். இந்த மூன்றைத் தவிர இதுவரை ஒன்றும் அகப்படவில்லை, வேறு இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. நம் எண்ணுக்கு மட்டும் விடை உடனே சொல்லலாம். 329,891க்குள் இன்னொரு 11 இருந்தால்தான் வர்க்கமாகும். மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் 1 − 9 + 8 − 9 + 2 − 3 = −10. இல்லை. 11 தனியே நிற்கிறது, ஆகவே வர்க்கம் அல்ல.

இவ்வளவும் கையால் செய்தவர்கள் 11!க்குப் போகலாம், அது 39,916,800. அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 39,916,801 ஒரு முதன்மை எண். இதைக் கையால் உறுதிப்படுத்த 13இல் தொடங்கி 6,317 வரையுள்ள முதன்மை எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், அது ஒருவரால் முடிகிற வேலை இல்லை. எங்கள் வகுப்பில் பத்துப் பேர் இருக்கிறார்கள், முதன்மை எண்களை நிரை மாதிரிப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். 13ஆல் வகுத்தால் மீதி 2. போன சனிக்கிழமை இருட்டுமுன் 97 வரை வந்தோம், இன்னும் எதுவும் வகுக்கவில்லை.